பூசுவதற்கு முன் புரட்டிப் பாருங்கள்

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போதே நம் ஊர்ப் பட்டறைத் தெருக்களில் பெயிண்ட் வாசனை எழுந்துவிடுகிறது. லேத்துக்குப் பச்சை, டிரில்லிங் மெஷினுக்குச் சாம்பல், வாசல் கதவுக்கு நீலம் என்று வரிசையாகப் பூசிக்கொண்டு வரும் பையன், டின்னின் அடியில் ஒரு விரற்கடை பெயிண்ட் மிச்சமிருப்பதைக் கண்டு, அதை வீணாக்க மனமில்லாதவனாய், மூலையில் கிடக்கும் பழைய டூல்ஸ் பெட்டியையும் இழுத்து வைத்து மேலும் கீழும் ஒரு கை பூசிவிட்டே பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறப் போடுகிறான். பூஜையன்று சந்தனமும் குங்குமமும் ஏற்றுக்கொண்டு அந்தப் பெட்டி பளபளவென்று உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிற எவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தொழிலுக்குச் செய்யும் மரியாதையில் குறை காணும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால், டின்னின் அடியில் மிஞ்சிய அந்த ஒரு விரற்கடை பெயிண்டைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சென்ற வருஷம் இதே பருவத்தில், சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு காயலான் கடை வாசலில், உடைந்த ரேடியேட்டர்களுக்கும் ஓட்டை விழுந்த சைலன்ஸர்களுக்கும் நடுவே ஓர் இரும்புத் தகட்டுப் பெட்டி என் கண்ணில் பட்டது. ஒரு முழ நீளம் இருக்கும்; மூடியைத் திறந்தால் சிறு சாமான்களுக்கான தட்டு; அதைத் தூக்கினால் ஸ்பானரும் சுத்தியலும் கிடக்க ஆழமான ஓர் அறை. “வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி, சார். இந்தக் கனம் இப்ப எங்க வருது?” என்றார் கடைக்காரர். எடைக்குரிய விலைக்கு மேல் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்த நேரத்துக்குள், வாங்குகிறவர் கையில் அழகாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் கடைப் பையன் நீலப் பெயிண்டை எடுத்து மூடியின் மேற்புறத்தில் பாதியைப் பூசி முடித்துவிட்டான். நான் பதறித் தடுத்தது இருவருக்கும் ஆச்சரியமாக இருந்தது. “துருவோடவா எடுத்துட்டுப் போறீங்க?” என்று கேட்டார் கடைக்காரர். துருவோடுதான் எடுத்து வந்தேன். அன்று இரவு அதைக் கவிழ்த்தும் புரட்டியும் பார்த்ததில், வெள்ளைக்காரன் காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது நிச்சயமாயிற்று. அந்த நிச்சயத்துக்கு வந்த வழியைச் சொல்லுமுன், இப்படிப் பார்க்கும் வித்தையைப் பற்றிச் சிறிது விவரிக்க வேண்டும்.

இந்த வித்தை செழித்து வளர்ந்த தேசம் அமெரிக்கா. மெஷின் வேலை செய்யும் தொழிலாளி தன் மைக்ரோமீட்டரையும் வெர்னியரையும் பிற அளவுக் கருவிகளையும் தானே விலை கொடுத்து வாங்கி, தன் சொந்தப் பெட்டியில் பூட்டி, வேலை மாறும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் அங்கே வெகு காலமாக வேரூன்றியிருந்ததால், பெட்டி செய்வதே ஒரு தனித் தொழிலாக ஓங்கிற்று. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் 1906-ஆம் வருஷம் ஹாரி கெர்ஸ்ட்னர் தொடங்கிய நிறுவனம், ஓக் மரத்தில் மெல்லிய இழுப்பறைகள் அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, நகைப் பெட்டி என்று சொல்லத்தக்க நேர்த்தியோடு கருவிப் பெட்டிகளைச் செய்தது. அதே மாநிலத்து வான் வெர்ட் ஊரில் கென்னடி நிறுவனம் மரத்தின் இடத்தில் இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து, முதியவர் கையின் தோலைப் போலச் சுருக்கம் விழுந்த பழுப்பு வர்ணத்தை அதன்மேல் ஏற்றியது. அந்தச் சுருக்கத்தைத் தடவிப் பார்த்தே பெட்டியின் வம்சத்தைச் சொல்லிவிடும் கிழவர்கள் அங்கே உண்டு.

இத்தகைய பெட்டிகளில் நடுவே மற்றவற்றைவிட உயரமான ஓர் இழுப்பறை இருப்பதைப் பலர் கண்டிருக்கலாம். மெஷின் தொழிலாளியின் வேதம் என்று சொல்லத்தக்க ‘மெஷினரீஸ் ஹாண்ட்புக்’ என்னும் தடித்த புத்தகத்தை நிறுத்தி வைப்பதற்கென்றே அது அமைந்தது. அந்தப் புத்தகம் முதலில் வெளிவந்த வருஷம் 1914. ஆகவே, புத்தகத்துக்காகவே இழுப்பறை வைத்த பெட்டி 1914-க்கு முந்தியதாக இருக்க முடியாது என்று வாதிக்கலாம். வாதம் சரியானதே, ஆனால், வேறு ஏதோ ஒரு சாமானுக்காக அதே அளவில் முன்பே ஒரு தச்சர் இழுப்பறை வைத்திருக்கக் கூடாதா என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தால் நம் வாதம் தள்ளாடத்தான் செய்யும். காலநிர்ணயத்தில் ஒரே சாட்சியை நம்பி வழக்கை முடிக்கக் கூடாது என்பது இதனால் விளங்கும்.

சாட்சிகளில் முதலில் ஓடிவந்து பேசுவது பெயர்த் தகடு. முதலில் பேசுவதனாலேயே அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். ‘கிராஃப்ட்ஸ்மன்’ என்ற பெயரைத் தாங்கிய பெட்டிகள் அமெரிக்காவில் எண்ணற்றவை. அந்தப் பெயரை 1927-ஆம் வருஷம் முதல் தன் சரக்குகளுக்குச் சூட்டிய சியர்ஸ் நிறுவனம் பெட்டி செய்யும் நிறுவனம் அன்று, பெட்டி விற்கும் நிறுவனம். பல தொழிற்சாலைகள் செய்து கொடுத்தவற்றுக்குத் தன் பெயரைச் சூட்டி விற்றது. இத்தகைய சரக்குகளின் எண்ணில், புள்ளிக்கு முன்னால் நிற்கும் மூன்று இலக்கங்கள் செய்துகொடுத்தவர் யார் என்பதற்கான சங்கேதம் என்பதை அறிந்தவர்களுக்கே தகட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான பிறப்பிடம் புலப்படும். சில சமயம் பெயரே தேதியைச் சொல்லிவிடுவதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 1907-இல் பிறந்த ‘ப்ளோம்ப்’ என்ற கருவி நிறுவனத்தின்மேல், பிலடெல்பியாவில் ஏறத்தாழ அதே உச்சரிப்புள்ள பெயரோடு சுத்தியலும் கோடரியும் செய்துவந்த ‘ப்ளம்’ நிறுவனம் வழக்குத் தொடுக்க, வேறு வழியின்றி 1948-இல் அது தன் கருவிகளின் பெயரை ‘புரோட்டோ’ என்று மாற்றிற்று. ஆகவே, ‘புரோட்டோ’ என்ற பெயரை மட்டும் தாங்கி வரும் பெட்டியைப் போருக்கு முந்தியது என்று சொல்லி யாராவது விலை ஏற்றினால், புன்னகையோடு எழுந்து வந்துவிடலாம்.

அடுத்த சாட்சி காப்புரிமை எண். இதைக் கண்டதும் புதிதாக இந்த வித்தையில் இறங்குகிறவர்கள் புதையல் கண்டவர்களைப் போலக் குதிப்பதும், பிறகு தவறான முடிவுக்குப் போவதும் சகஜம். அமெரிக்காவில் 1927-ஆம் வருஷச் சட்டம் வருமுன் சரக்கின்மேல் காப்புரிமை வழங்கிய தேதியைப் பொறிப்பது வழக்கம். அதன் பிறகு எண்ணைப் பொறிக்க வேண்டும் என்று ஆயிற்று. ஆகவே, தேதி பொறித்த பெட்டி பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்கு முந்திய சம்பிரதாயத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். எண்ணாக இருந்தால் கணக்கு இன்னும் எளிது: 10 லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்டிலும், 20 லட்சமாவது 1935 ஏப்ரலிலும், 30 லட்சமாவது 1961 செப்டம்பரிலும் வழங்கப்பட்டன, கையில் உள்ள எண் இவற்றுள் எந்த இரண்டின் இடையே விழுகிறது என்று பார்த்தால் போதும். ஆனால், 1923 என்று தேதி பொறித்திருப்பதனால் பெட்டி 1923-இல் செய்யப்பட்டது என்று சொல்வது, வீட்டுப் பத்திரத்தில் நிலம் வாங்கிய வருஷத்தைப் பார்த்துவிட்டு வீடும் அன்றே கட்டியது என்று சொல்வதற்கு ஒப்பாகும். காப்புரிமை அங்கே 17 வருஷம் உயிரோடிருந்தது. அந்தக் காலம் முழுவதும், சில சமயம் அச்சை மாற்றும் சோம்பலால் அதற்குப் பின்னும், அதே தேதி புதுப்புதுப் பெட்டிகளில் ஏறிக்கொண்டே இருந்திருக்கும். பெட்டி எப்போது பிறந்தது என்பதை அந்தத் தேதி சொல்வதில்லை. எப்போதுக்கு முன் பிறந்திருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது.

முகவரி இதைவிட நல்ல சாட்சி, ஏனெனில் பொய் சொல்ல அதற்கு முகாந்திரம் இல்லை. 1943 மே மாதத்தில் அமெரிக்கத் தபால் இலாகா பெரிய நகரங்களை வட்டங்களாகப் பிரித்து, நகரின் பெயருக்குப் பின் ஓரிரு இலக்கங்களைச் சேர்த்தது. 1963 ஜூலை முதல் தேதி அந்தச் சிறு இலக்கங்கள் போய் ஐந்து இலக்கக் குறியீடு வந்தது. ஆகவே, ‘சிகாகோ’ என்பதற்குப் பின் ‘12’ என்று மட்டும் நிற்கிற தகடு அந்த இருபது வருஷத்துக்கு உட்பட்டது. இந்தச் சின்ன இலக்கங்களைப் பொறித்தவன், எண்பது வருஷத்துக்குப் பின் யாரோ இதை வைத்துக் கணக்குப் போடப் போகிறான் என்று நினைத்திருக்கவே மாட்டான். நினையாமல் சொன்ன சாட்சியம் என்பதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

இனி, எழுத்தே இல்லாத பெட்டி. பெரும்பாலான பெட்டிகள் இந்த ரகம்தான். ஒட்டியிருந்த படம் உதிர்ந்து, தகடு கழன்று, அநாதையாக வந்து சேர்ந்தவை. இங்கேதான் உண்மையான பயிற்சி தேவைப்படுகிறது. ஆணிகள், கீல்கள், கொண்டிகள், கைப்பிடியின் தோல், திருகாணியின் தலை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். திருகாணியின் தலையில் ஒற்றைக் கோடு வெட்டியிருப்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். நட்சத்திரம்போலக் குறுக்கு வெட்டு இருந்தால், அது ஹென்ரி பிலிப்ஸ் பெயரால் வழங்கும் திருகாணி. 1930-களின் நடுவில்தான் தொழிற்சாலைகளுக்குள் வந்தது. ரிவெட் அடித்த பெட்டி பழையது, ஸ்பாட் வெல்டிங் செய்த பெட்டி புதியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்பாட் வெல்டிங் நன்கு பரவிய பின்னும் ரிவெட்டை விடாத பட்டறைகள் எத்தனையோ இருந்ததால், இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. யுத்த காலம் மட்டும் தன் அடையாளத்தை அழுத்தமாகவே விட்டுச் சென்றிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நிக்கலும் குரோமியமும் ராணுவத் தேவைக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டதால், அதுவரை வெள்ளிபோல் மின்னிய கொண்டிகளும் மூலைப் பட்டைகளும் கறுப்புப் பூச்சோடும் மங்கிய சாம்பல் நிறத்தோடும் வெளிவந்தன. மினுக்கம் இல்லாத பெட்டியைப் பார்த்து மட்டமான சரக்கு என்று ஒதுக்குகிறவன், யுத்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு யார் என்று தெரியாமல் திரும்பி நடக்கிறான்.

இத்தனை சாட்சிகளையும் ஒழுங்குபடுத்தும் விதி ஒன்றுதான். பெட்டி பிறந்தபோதே அதில் இருந்த உறுப்புகளுள் எது உலகுக்குக் கடைசியாக வந்ததோ, அதற்கு முன் அந்தப் பெட்டி பிறந்திருக்க முடியாது. ‘பிறந்தபோதே’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. நூறு வயசுப் பெட்டியின் கீலில் நேற்று வாங்கிய திருகாணியும் இருக்கலாம். அதைக் கண்டு பெட்டியே நேற்றையது என்று தீர்ப்புச் சொல்லலாகாது. அந்தத் துளையைச் சுற்றிப் பழைய ஆணித்தலையின் வட்டத் தழும்பு தெரிகிறதா, துளை நீண்டிருக்கிறதா, நான்கில் மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருக்கிறதா என்று பார்த்தால் வந்தேறியும் பூர்வீகக் குடியும் பிரிந்து தெரியும். தேதி இல்லாத கல்வெட்டை எழுத்தின் வளைவையும் புள்ளியையும் கொண்டு இன்ன நூற்றாண்டு என்று சொல்லும் பெரியவர்களை நாம் போற்றுகிறோம்; இதுவும் அதே நியாயம்தான், கல்லின் இடத்தில் தகடு வந்திருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பை அப்பியும் மணலைப் பீய்ச்சி அடித்தும் எத்தனை கல்வெட்டுகளின் முகத்தை அழித்திருக்கிறோம் என்பதை அறிந்தவர்களுக்கு, நான் அந்த நீலப் பெயிண்டைக் கண்டு ஏன் பதறினேன் என்பதும் விளங்கியிருக்கும்.

பெட்டிக்குள் கிடக்கும் கருவிகளைக் கொண்டு பெட்டியின் வயதைச் சொல்ல முயல்வது மற்றொரு பொறி. தகப்பனாரின் ஸ்பானர்களை மகன் புதுப் பெட்டியில் போட்டிருப்பான். பழைய பெட்டியில் பேரன் நேற்று வாங்கிய செட்டைக் கொட்டியிருப்பான். நம் தேசத்தில் இந்தக் கலப்பு இன்னும் அதிகம். ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த திருகு அளவுகள் பிரிட்டிஷ் எஞ்சின்களோடு நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. அந்த முறையில் ஸ்பானரின்மேல் பொறித்த எண் போல்ட்டின் தண்டுக் கனத்தைக் குறிக்கும். பிறகு வந்த முறையில் அதே எண் ஸ்பானர் வாயின் அகலத்தைக் குறிக்கும். அதனால், எட்டில் மூன்று அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பானரின் வாய், அதே எண்ணைத் தாங்கிய பின்னாள் ஸ்பானரின் வாயைவிட ஏறத்தாழ இரு மடங்கு அகலமாயிருக்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டு, எண்ணைப் பாராமல் கையின் ஞாபகத்தாலேயே சரியானதை எடுத்த மேஸ்திரிகளின் கீழ் வேலை கற்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பிரிட்டிஷ் சர்க்காரின் உடைமை என்று காட்டும் அம்பு முத்திரையும் சில கருவிகளில் கிடைக்கும். அதுவும் உடைமையைச் சொல்லுமேயன்றி வருஷத்தைச் சொல்லாது, பக்கத்தில் வருஷம் தனியே பொறித்திருந்தாலொழிய.

அமெரிக்கப் பெட்டிகளுக்கு இவ்வளவு சாட்சிகள் இருக்க, நம் ஊர்ப் பெட்டிகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கணக்காக எழுதி வைக்க ஆள் இல்லாததுதான் குறையேயொழிய, சாட்சிகளுக்குக் குறைவில்லை. தகட்டில் ‘மெட்ராஸ்’ என்ற பெயருக்குப் பின் ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி பின்கோடு பிறக்குமுன் வெட்டிய தகடு. ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று பொறித்திருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியதென்று கொள்வது கடினம். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாக மாறியதும் அண்ணாதுரை காலமான அந்த 1969-க்கு முன் நிகழ்ந்திருக்க முடியாது. ‘சென்னை’ என்று ஆங்கில எழுத்திலும் பொறித்த முகவரி பெரும்பாலும் 1996-க்குப் பிந்தியது. ஐ.எஸ்.ஐ. முத்திரை 1952-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பின் வந்தது. அளவு அங்குலத்தில் இருக்கிறதா மில்லிமீட்டரில் இருக்கிறதா என்பது இவை எல்லாவற்றிலும் ருசியான சாட்சி. ஏனெனில், தசம முறைச் சட்டம் 1956-இல் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது.

இப்போது என் பெட்டிக்கு வருகிறேன். அதன் முன்புறத்தில், கொண்டிக்குக் கீழே, நகத்தளவு பித்தளைத் தகடு ஒன்று இரண்டு சிறு ரிவெட்டுகளால் பதிந்திருந்தது. எண்ணெயும் தூசியும் கெட்டிப்பட்டு மூடியிருந்ததை மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியால் மெல்லத் துடைத்தபோது, செய்தவரின் பெயர் தேய்ந்துபோயிருந்த இடத்துக்குக் கீழே ‘மெட்ராஸ்-2’ என்ற எழுத்துகளும், ஓரத்தில் ‘450 மி.மீ.’ என்ற அளவும் ஆங்கிலத்தில் தெளிந்து வந்தன. ரிவெட்டுகளைச் சுற்றி வேறு தழும்பு இல்லை. தகட்டின் அடியில் பெட்டியின் முதல் வர்ணமான கரும்பச்சை கலையாமல் இருந்தது. ஆகவே தகடு பெட்டியோடு பிறந்ததுதான். மில்லிமீட்டர் இருப்பதனால் தசம முறைக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பின்கோடு இல்லாததனால் 1972-க்குப் பிந்தியதாக இருக்கவும் அநேகமாக வழியில்லை. பழைய தகடுகளைத் தீரும் வரை அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று ஓரிரு வருஷம் தள்ளிக்கொடுத்தாலும், பெட்டி சுதந்திர இந்தியாவில், 1958-க்கும் 1970-களின் தொடக்கத்துக்கும் நடுவே, மவுண்ட் ரோடுத் தபால் வட்டத்தில் விலாசம் கொண்ட ஒருவர் செய்தது அல்லது விற்றது என்று தைரியமாகச் சொல்லலாம். வெள்ளைக்காரன் காலம் என்று சொன்ன கடைக்காரரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. கனமான, ஒழுங்கான, நீடித்து உழைக்கிற எந்தப் பொருளையும் அந்நியன் செய்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிற நம் பொது வியாதியின் வாய்மொழி அது. நகத்தளவு பித்தளைத் தகடு அந்த வியாதிக்கு ஒரு மருந்து. அதன்மேல் ஒரு பூச்சுப் பெயிண்ட் ஏறியிருந்தால் மருந்தும் போயிருக்கும்.

இதற்குப் பட்டறைக்காரர்கள் சொல்லும் மறுப்பை நான் அறிவேன். அதில் நியாயமும் உண்டு. “இது பட்டறை ஐயா, மியூசியம் இல்லை. துரு விட்டால் பெட்டியே போய்விடும், பெயிண்ட் அடித்ததால்தான் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது” என்பார்கள். உழைக்கிற பெட்டி உழைக்கத்தான் வேண்டும். கடல் காற்று வீசும் ஊரில் வெறும் தகட்டைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். மேலே பூசிய வர்ணங்களே ஒருவகைச் சரித்திரம் என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். மூலை தட்டுப்பட்டு உதிர்ந்த இடத்தில் பச்சை, சாம்பல், நீலம் என்று மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காகத் தெரிவதைக் கண்டவர்கள் அதை எளிதில் மறுக்க முடியாது. ஆனால், வருஷத்துக்கு ஒரு வளையம் போடும் கட்டுப்பாடு மரத்துக்கு உண்டு, பெயிண்ட் டின்னுக்கு இல்லை. அந்த அடுக்குகளை எண்ணி வயது சொல்ல இயலாது. எல்லாவற்றிலும் கொடியது, பூசுவதற்கு முன் எமரித் தாளைப் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்துவிடுவது. அதற்குப் பிறகு எஞ்சுவது பிரமாதமாக மின்னுகிற, தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாத ஒரு பெட்டி.

ஆகவே, நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. பூசித்தான் ஆக வேண்டுமென்றால் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; பெயர்த் தகட்டையும் மூடியின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் விட்டுவிடுங்கள். அந்த மூன்று இடங்களுக்கும் பழந்துணியில் தோய்த்த எண்ணெய் ஒரு பூச்சுப் போதும். துரு அதற்கு மேல் எளிதில் நகராது. பிரஷ்ஷை எடுக்குமுன் பெட்டியை ஒரு தரம் புரட்டி, கைபேசியால் நாலு படம் எடுத்து வையுங்கள். நம் ஐ.டி.ஐ.க்களில் ஃபிட்டர் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பழைய பெட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரும்படி ஆசிரியர் சொன்னால், ரிவெட்டையும் வெல்டிங்கையும் கீலையும் பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாகப் படித்துவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. சென்னையில் ரயில் எஞ்சின்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, கோவையில் ஜி.டி. நாயுடு பெயரைத் தாங்கிய அறக்கட்டளை பழைய கார்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. அந்த எஞ்சினையும் காரையும் ஓடவைத்த கைகளின் உடைமைக்கும் அங்கே ஒரு அலமாரி ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பெட்டியின் மூடியைப் பற்றி ஒரு விஷயம் இன்னும் சொல்லவில்லை. அதன் உட்புறத்தில், கரும்பச்சை வர்ணத்தின்மேல், பென்சிலால் எழுதிய இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. இடது புறம் அங்குலத்தின் பின்னங்கள். வலது புறம் அவற்றுக்கு நேரான மில்லிமீட்டர். காலுக்கு நேரே 6.35, எட்டில் மூன்றுக்கு நேரே 9.525, அரைக்கு நேரே 12.7. பதினாறில் ஐந்துக்கு நேரே முதலில் 7.93 என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் 7.94 என்று திருத்தியிருக்கிறது. 25.4-ஐ ஐந்தால் பெருக்கிப் பதினாறால் வகுத்தால் 7.9375 வரும், இரண்டு தானத்துக்குச் சுருக்கினால் 7.94 என்பதே சரி. பெயர் தெரியாத அந்த ஃபிட்டர், அங்குலத்தில் கற்ற தொழிலை மில்லிமீட்டரில் மறுபடி கற்க வேண்டி வந்த நாட்களில், நூறில் ஒரு மில்லிமீட்டர் தவறியதைப் பொறுக்காமல் திரும்பி வந்து அந்த எண்ணைத் திருத்தியிருக்கிறார். கடைப் பையனின் நீலப் பெயிண்ட் மூடியின் மேற்புறத்தில் பாதியில் நின்று போயிருக்கிறது. நான் தடுத்த நேரத்தில் அவன் பிரஷ்ஷை மறுபடி தோய்த்துக்கொண்டு, உட்புறத்துக்கும் ஒரு கை போடலாம் என்று மூடியைத் திறக்கப் போயிருந்தான்.